எச்.ஐ.வி. தொற்றும் எய்ட்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களைப் பலர் மருத்துவரிடம்கூட வாய்விட்டுக் கேட்பதில்லை. காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு தேவையில்லாமல் அஞ்சுபவர்களும் உண்டு. அஞ்ச வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுபவர்களும் உண்டு. இரு சாராரையும் மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட விடைகள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்கள். ஒருவரின் உடல்நிலையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவரே.

எச்.ஐ.வி.யும் எய்ட்ஸும் ஒன்றா?

அல்ல. எச்.ஐ.வி. என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தாக்கும் வைரஸின் பெயர். அந்த வைரஸ் சிகிச்சையின்றிப் பல ஆண்டுகள் உடலில் பெருகி, எதிர்ப்புச் சக்தியை வெகுவாகக் குலைத்துவிட்ட முற்றிய கட்டமே எய்ட்ஸ். மருந்தே எடுக்காதவர்களுக்குக்கூட, தொற்று ஏற்பட்ட நாளுக்கும் எய்ட்ஸ் நிலைக்கும் இடையே பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன. மருந்தை முறையாக எடுப்பவர்கள் வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்டத்தை எட்டாமலேயே இருக்க முடியும்.

இரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மருத்துவர்கள் இதைக் கணிக்கிறார்கள். நலமாக உள்ள ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 முதல் 1,500 வரை இந்த அணுக்கள் இருக்கும். அது 200-க்குக் கீழே இறங்கினாலோ, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களையே பெரும்பாலும் பிடிக்கும் சில குறிப்பிட்ட நோய்கள் தோன்றினாலோ அதை எய்ட்ஸ் நிலை என்கிறார்கள். அந்த நிலையை அடைந்தவரும் சிகிச்சையால் மீண்டு வருவதுண்டு. எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணி மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடுவதால் பறிபோகும் உயிர்கள் பல.

இந்த வைரஸ் உடலுக்குள் என்ன செய்கிறது?

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ், மனித அணுவுக்குள் புகாமல் அதனால் பெருக முடியாது. அதன் மேலுறையில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் முதலில் வெள்ளை அணுவின் மேலுள்ள சி.டி.4 என்ற ஏற்பியை, அதாவது அணுவின் மேற்பரப்பில் பிற பொருள்கள் வந்து பற்றிக்கொள்ளும் புரதத்தை, பற்றுகிறது. அடுத்து அதே அணுவின் சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற இன்னொரு ஏற்பியையும் பற்றி, அணுவின் சவ்வோடு ஒன்றி உள்ளே நுழைகிறது. நுழைந்ததும், ஆர்.என்.ஏ. வடிவில் உள்ள தன் மரபுச் செய்தியை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியின் துணையால் டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்கிறது. இன்டக்ரேஸ் என்ற நொதி அந்த டி.என்.ஏ.வை நம்முடைய டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன் பிறகு அந்த அணு வைரஸுக்குத் தேவையான புரதங்களைத் தயாரிக்கத் தொடங்குகிறது. புரோட்டியேஸ் என்ற மூன்றாவது நொதி அவற்றை வெட்டிச் சீராக்க, புதிய வைரஸ்கள் வெளியேறி அடுத்த அணுக்களைத் தேடிச் செல்கின்றன.

எந்தக் கிருமியை எதிர்க்க வேண்டும் என்று மற்ற எதிர்ப்பு அணுக்களுக்குத் தெரிவித்து அவற்றை முடுக்கிவிடுபவை சி.டி.4 அணுக்கள்தாம். அவை குறையக் குறைய, உடலில் மற்ற அணுக்கள் இருந்தும் பயனில்லாமல் போகிறது. இதில் கவனிக்க வேண்டிய செய்திகள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கும்போது இந்த வைரஸ் ஏராளமான பிழைகளைச் செய்கிறது. அதனால் ஓயாமல் உருமாறி, தனித்துக் கொடுக்கப்படும் எந்த மருந்தையும் விரைவில் தாக்குப்பிடிக்கப் பழகிவிடுகிறது. மற்றொன்று, செருகப்பட்ட வைரஸ் டி.என்.ஏ. சில அணுக்களில் எந்த இயக்கமும் இல்லாமல் பல ஆண்டுகள் ஒளிந்திருக்கக்கூடியது. மருந்து அதை எட்டுவதில்லை. கூட்டு மருந்து ஏன், வாழ்நாள் சிகிச்சை ஏன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இவற்றில்தான் இருக்கிறது.

இது எங்கிருந்து, எப்போது வந்தது?

உலகெங்கும் பரவியுள்ள எச்.ஐ.வி.-1 என்ற வகை, ஆப்பிரிக்காவின் மேற்கு மத்தியப் பகுதியிலுள்ள சிம்பன்ஸிகளிடம் காணப்படும் ஒரு வைரஸிலிருந்து மனிதர்களுக்கு வந்தது. இறைச்சிக்காக வேட்டையாடியபோது விலங்கின் இரத்தம் மனிதருக்குள் சென்றிருக்கலாம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மரபணு ஆய்வுகள் அதன் பரவலின் தொடக்கத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குக் கொண்டு செல்கின்றன. ஆனால் மருத்துவ உலகம் அதைக் கவனித்தது 1981 ஜூன் 5 அன்றுதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த அரிய வகை நிமோனியா பற்றிய குறிப்பை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அன்று வெளியிட்டது. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்ஸ்வாஸ் பாரே-சினூசியும் லூக் மோன்தான்யேவும் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1985இல் இரத்தப் பரிசோதனையும், 1987இல் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்தும் வந்தன. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை நடைமுறைக்கு வந்ததும், அது கிடைத்த நாடுகளில் மரணங்கள் மளமளவெனச் சரிந்தன. கிடைக்காத நாடுகளில் மக்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மடிந்துகொண்டே இருந்தார்கள். மருந்து இருந்தும் எட்டாமல் போன அந்த ஆண்டுகளை மறந்துவிடக் கூடாது.

எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது?

இரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், யோனித் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாக மட்டுமே பரவுகிறது. தொற்றுள்ளவரின் இத்திரவங்களுள் ஒன்று, இன்னொருவரின் மெல்லிய உட்சவ்வையோ புண்ணையோ இரத்த ஓட்டத்தையோ அடைந்தால்தான் தொற்று ஏற்படும். நடைமுறையில் இது பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டுக்கொள்வது, சோதிக்கப்படாத இரத்தத்தை ஏற்றுவது, கருவுற்ற தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ குழந்தைக்குச் செல்வது ஆகிய நான்கில் அடங்கிவிடும்.

தொட்டால், ஒன்றாகச் சாப்பிட்டால், கொசு கடித்தால்?

பரவாது. எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் ஆகியவற்றாலும் பரவாது. கட்டித்தழுவுவது, ஒரே தட்டில் உண்பது, கழிவறையையும் குளியலறையையும் பகிர்வது, இருமல், தும்மல் எதனாலும் பரவாது. கொசுவின் உடலில் இந்த வைரஸ் பெருகுவதில்லை. உடலுக்கு வெளியே இது நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் போன்று இரத்தம் படக்கூடிய பொருள்களை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது; அது எல்லோருக்கும் பொதுவான சுகாதாரப் பழக்கம்தான்.

ஒரே ஒரு முறை நடந்த உறவிலேயே தொற்று வருமா?

வரலாம், ஒவ்வொரு முறையும் வந்தே தீரும் என்பதில்லை. சிகிச்சையில் இல்லாத ஒருவருடன் ஆணுறையின்றி நிகழும் உறவில், யோனிவழி உறவு கொள்ளும் பெண்ணுக்கு ஏறத்தாழ 10,000 முறைக்கு 8 என்ற அளவிலும், ஆசனவாய்வழி உறவை ஏற்பவருக்கு 10,000 முறைக்கு 138 என்ற அளவிலும் தொற்றும் வாய்ப்பு கணக்கிடப்பட்டிருக்கிறது. வாய்வழி உறவில் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த எண்களைப் படித்து நிம்மதியடைந்துவிடுவதில் ஆபத்து இருக்கிறது. இவை சராசரிகள் மட்டுமே. இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடும். அதைவிட முக்கியமாக, ஒருவருக்குத் தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் அவருடைய இரத்தத்தில் வைரஸ் உச்ச அளவில் இருக்கும். தமக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியாத காலமும் அதுதான்.

தொற்று ஏற்பட்டால் என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

பலருக்கு 2 முதல் 4 வாரங்களுக்குள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, நெறிகட்டுதல், தோலில் தடிப்பு போன்றவை வந்து, சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே மறைந்துவிடும். சாதாரண வைரஸ் காய்ச்சலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. சிலருக்கு அதுவும் வராது. அதன் பின் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலை, குடும்பம் என்று வாழ்க்கை வழக்கம்போல நடக்கும், உள்ளே சி.டி.4 அணுக்கள் குறைந்துகொண்டே வரும்.

எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்த பிறகே காரணமில்லாத எடைக் குறைவு, வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும், இரவு வியர்வை, வாயில் வெண்படலம், அக்கி ஆகியவை தலைகாட்டும். எனவே அறிகுறி வரட்டும், பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது பெருந்தவறு. ஆள் ஆரோக்கியமாக இருக்கிறார் என்பது எதற்கும் சான்றாகாது.

தொற்று வாய்ப்புள்ள நிகழ்வு நேற்று நடந்துவிட்டது. இப்போது என்ன செய்யலாம்?

உடனே, இந்த விடையை முழுதும் படித்து முடிக்கும் முன்பே, அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். பெப் எனப்படும் தடுப்புச் சிகிச்சை இருக்கிறது. ஆணுறை கிழிந்தது, பாலியல் வன்கொடுமை, மருத்துவப் பணியாளருக்கு ஊசி குத்தியது போன்ற சூழ்நிலைகளில் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் தவறாமல் எடுத்தால், வைரஸ் உடலில் நிலைகொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. முதல் நாளே தொடங்குவதும் மூன்றாம் நாள் தொடங்குவதும் ஒன்றல்ல. வெட்கம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம், விடியட்டும் என்ற தள்ளிப்போடல் ஆகியவற்றால் இந்த மணிகளை இழந்தவர்கள் ஏராளம். மருத்துவர் உங்கள் ஒழுக்கத்தை விசாரிக்க அங்கே இல்லை. எப்போது, எப்படி நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

பரிசோதனையை எப்போது செய்துகொள்ள வேண்டும்?

தொற்று ஏற்பட்ட மறுநாளே எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. காட்டுவதற்கு ஆகும் அந்த இடைவெளியைச் சாளரக் காலம் என்கிறார்கள். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாட்களில் காட்டும். சிரையிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் வைரஸின் புரதமான ஆன்டிஜென், வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி இரண்டையும் தேடும் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் ஆகும். ஆன்டிபாடியை மட்டும் தேடும் விரைவுப் பரிசோதனைகளுக்கும் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைகளுக்கும் 23 முதல் 90 நாட்கள் வரை ஆகலாம். ஆகவே இரண்டாம் வாரத்தில் தொற்று இல்லை என்று வந்த முடிவை இறுதியாகக் கொள்ளாமல், சாளரக் காலம் முடிந்ததும் மீண்டும் செய்துகொள்ள வேண்டும். அதுவரை துணைவரைப் பாதுகாப்பது கடமை.

விரைவுப் பரிசோதனை எப்படி நடக்கும்?

விரல் நுனியில் சிறிய ஊசியால் குத்தி, முதலில் வரும் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளியைச் சோதனைப் பட்டையின் குழிவில் விடுவார்கள். அதன் மேல் ஓரிரு சொட்டுக் கரைசல் விட்டதும், சிவந்த ஈரம் பட்டையின் மேல் மெல்ல ஊர்ந்து செல்லும். ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்களில் முடிவு தெரியும். பட்டை சரியாக வேலை செய்தது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் தோன்ற வேண்டும். அது தோன்றாவிட்டால் அந்தப் பட்டையின் முடிவு செல்லாது. சோதனைக் கோடும் சேர்ந்து தோன்றினால், மங்கலாக இருந்தாலும், அடுத்த கட்டப் பரிசோதனை தேவை.

ஒரே ஒரு பட்டையில் கோடு விழுந்ததை வைத்து யாருக்கும் தொற்று உள்ளது என்று அறிவிக்கக் கூடாது. வெவ்வேறு வகைப் பரிசோதனைகளை அடுத்தடுத்துச் செய்து உறுதிப்படுத்திய பிறகே முடிவு சொல்ல வேண்டும். மூன்று பரிசோதனைகள் ஒத்துவர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். முடிவு ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதும், உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு முக்கியமானவை.

எனக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. அடுத்து என்ன?

முதலில், இது மரண தண்டனை அல்ல என்பதை நம்புங்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. சி.டி.4 நன்றாக இருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்கித் தொடர்பவர்களின் ஆயுள், தொற்று இல்லாதவர்களின் ஆயுளுக்கு நெருங்கி வந்துவிட்டது.

சி.டி.4 எண்ணிக்கை, வைரஸ் அளவு, காசநோய், கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பி மற்றும் சி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை மருத்துவர் பரிசோதிப்பார். முன்பெல்லாம் சி.டி.4 குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை மருந்து தொடங்காமல் காத்திருப்பார்கள். சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்று ஆய்வுகள் ஐயமறக் காட்டியதால், சி.டி.4 எவ்வளவாக இருந்தாலும் அனைவருக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இன்று பலருக்கு உறுதியான அன்றே மருந்து தொடங்கப்படுகிறது. மூளைக்காய்ச்சல் இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் அதை முதலில் கவனித்துவிட்டு, எச்.ஐ.வி. மருந்தைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவார்கள்.

மருந்து எப்படி வேலை செய்கிறது? பக்க விளைவுகள் உண்டா?

வைரஸ் பெருகும் படிகளை மேலே பார்த்தோம். ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை அந்தப் படிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒரே நேரத்தில் அடைக்கிறது. பல நாடுகளில் முதல் தெரிவாகக் கொடுக்கப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலூடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. நாளுக்கு ஒரு முறை எடுத்தால் போதும். முதல் இரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸையும், மூன்றாவது இன்டக்ரேஸையும் தடுக்கின்றன. மூன்றையும் ஒருசேர வெல்லும் உருமாற்றம் வைரஸுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

தொடக்கத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் கோளாறு ஆகியவை சிலருக்கு வந்து தணியும். சிலருக்கு எடை கூடும். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே பரிசோதனை உண்டு. டொலூடெக்ராவிரை அமிலத்தன்மை போக்கும் மருந்துகளோடும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் எப்படி இடைவெளி விட்டு எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினுடன் எடுக்கும்போது டொலூடெக்ராவிர் நாளுக்கு இரு வேளை தேவைப்படும். எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் போனாலும், எடுத்துவரும் எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுங்கள்.

உடம்பு தேறிவிட்டது; இடையில் நிறுத்தலாமா?

கூடாது. நிறுத்தினால், ஒளிந்திருக்கும் அணுக்களிலிருந்து வைரஸ் பொதுவாகச் சில வாரங்களிலேயே மீண்டும் எழும். விட்டுவிட்டு எடுப்பதில் இன்னொரு கேடும் உண்டு: இரத்தத்தில் மருந்தின் அளவு அரைகுறையாக இருக்கும் நாட்களில் வைரஸ் அதைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. கல்லீரல் அழற்சி பி-யும் உள்ளவர்கள் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் நோய் கடுமையாகத் திரும்பக்கூடும்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவுக்கு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளையோடு சேர்த்து இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு மாத்திரையைப் பொருத்திவிடுவதும், வெளியூர் கிளம்பும்போது கூடுதல் நாட்களுக்கு எடுத்துச் செல்வதும் பலருக்குக் கைகொடுக்கும் வழிகள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மறைத்து மாத்திரை எடுப்பவர்களுக்குத்தான் வேளை அதிகம் தவறுகிறது. நம்பகமான ஒருவரிடமாவது சொல்லி வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தால், மற்றவருக்குப் பரவாது என்பது உண்மையா?

உண்மை; உடலுறவின் வழியாகப் பரவாது. தொற்றுள்ளவர் எல்லோரும் அவர்களுடைய துணைவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு 6 மாதங்களுக்குள் இரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனைக்கே சிக்காத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஒருவர் மட்டும் தொற்றுள்ளவராக இருந்த தம்பதிகளையும் இணையர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. 2019இல் முடிவுகள் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், 782 ஆண் இணையர்களிடையே ஆணுறையின்றி 76,000-க்கும் மேற்பட்ட முறை உறவு நிகழ்ந்தும், சிகிச்சையில் இருந்த துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை.

மருந்து தடைபடக் கூடாது, வைரஸ் அளவைக் குறித்த காலத்தில் பரிசோதித்துவர வேண்டும் என்பவை இதற்கான நிபந்தனைகள். பிற பால்வினை நோய்களையும் தேவையற்ற கருத்தரிப்பையும் தடுக்க ஆணுறை அப்போதும் தேவைப்படலாம். ஊசியைப் பகிர்வதற்கும் தாய்ப்பாலுக்கும் இந்தப் பூஜ்ய நிலையை அப்படியே பொருத்திச் சொல்ல முடியாது.

தொற்றுள்ளவர்கள் திருமணம் செய்துகொள்ளலாமா? குழந்தை பெறலாமா?

இரண்டும் முடியும். துணைவரிடம் உண்மையைச் சொல்லி, அவர் மனமொப்பிய பிறகு அமையும் வாழ்க்கையில் தொற்று ஒரு தடையல்ல. எந்தத் தலையீடும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். கருவுறும் முன்பிருந்தே தாய் மருந்தில் இருந்து, பிரசவத்தின்போது வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தால் அது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. பிறந்ததும் குழந்தைக்குச் சில வாரங்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கப்படும். தாய்ப்பால் பற்றிய வழிகாட்டுதல் நாட்டுக்கு நாடு மாறுகிறது. மருந்தில் உள்ள தாய் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

பல தாய்மார்களைத் துடிக்க வைக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். தாயின் ஆன்டிபாடிகள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதங்கள் வரை இருக்கக்கூடும். அதனால் கைக்குழந்தைக்குச் சாதாரண ஆன்டிபாடி பரிசோதனை செய்து தொற்று உள்ளது என்று வந்தால், அது குழந்தைக்குத் தொற்று இருப்பதாகப் பொருள்படாது. வைரஸையே நேரடியாகத் தேடும் பரிசோதனையை 4 முதல் 6 வாரங்களில் செய்ய வேண்டும்.

எய்ட்ஸ் நிலையில் உயிரைப் பறிப்பவை எவை?

காசநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், நியூமோசிஸ்டிஸ் நிமோனியா, மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா, பார்வையைப் பறிக்கும் சைட்டோமெகலோ வைரஸ், கபோசி சர்கோமா போன்ற புற்றுநோய்கள் ஆகியவை அடுத்து வருபவை. எதிர்ப்புச் சக்தி குன்றிய சந்தர்ப்பத்தில் தாக்குவதால் இவற்றைச் சந்தர்ப்பவாத நோய்கள் என்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்குத் தடுப்பும் சிகிச்சையும் உண்டு. கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, மலிவான மாத்திரை ஒன்றே சிலவற்றைத் தடுக்கிறது. பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயின் ஆபத்து கூடுதலாக இருப்பதால் அதற்கான பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

தொற்று வராமலிருக்க என்னென்ன வழிகள்?

ஆணுறையை ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்துவது எளிய வழி. ஆண்களின் முன்தோல் நீக்கம், பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பரவுவதை ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கிறது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. போதை ஊசி பழக்கம் உள்ளவர்களுக்குப் புதிய ஊசிகள் கிடைக்கச் செய்வதும், போதைப்பொருளுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் மாற்று மருந்து தருவதும் பலன் தருகின்றன. அவர்களைத் துரத்துவதால் தொற்று குறைவதில்லை.

தொற்று வாய்ப்பு தொடர்ந்து உள்ளவர்களுக்கு, முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மருந்தான பிரெப் இருக்கிறது. சொன்னபடி எடுத்தால் உடலுறவுவழித் தொற்றின் வாய்ப்பை ஏறத்தாழ 99 சதவீதம் குறைக்கிறது. தினசரி மாத்திரையாகவும், இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை போடும் கபோடெக்ராவிர் ஊசியாகவும் வந்த இது, 2025இல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் ஊசியாகவும் அங்கீகாரம் பெற்றது. தொடங்கும் முன் தொற்று இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்வது கட்டாயம்.

தடுப்பூசி உண்டா? முழுமையாகக் குணமாகுமா?

தடுப்பூசி இன்னும் இல்லை. 2009இல் தாய்லாந்து ஆய்வொன்றில் ஒரு தடுப்பூசி 31 சதவீதப் பாதுகாப்புத் தந்தது. பயன்பாட்டுக்கு அது போதவில்லை. குணமடைந்தவர்கள் உலகில் ஒருசிலரே. அவர்களில் முதல்வரான டிமோதி ரே பிரவுன், இரத்தப் புற்றுநோய்க்காக பெர்லினில் 2007இல் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சை பெற்றார். அவருக்குக் குருத்தணு கொடுத்தவரின் அணுக்களில், வைரஸ் பற்றி நுழையும் சி.சி.ஆர்.5 ஏற்பி பிறவியிலேயே இல்லை. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாதவர்களுக்குச் செய்ய முடியாது.

மூலிகையால் முற்றிலும் குணப்படுத்துவதாகச் சொல்கிறார்களே?

நம்ப வேண்டாம். எச்.ஐ.வி.யை உடலிலிருந்து அகற்றும் மூலிகையோ உணவோ இல்லை. இப்படிச் சொல்பவர்கள் முதலில் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவரின் பணம் போவது ஒருபுறமிருக்க, சி.டி.4 சரிந்து அவர் மருத்துவமனைக்குத் திரும்பும்போது காலம் கடந்திருக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற சில மூலிகைகள் எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுகின்றன என்பதும் நிரூபிக்கப்பட்டது. ஏமாற்றப்படும் ஒவ்வொருவரும் நம்பிக்கையைத் தேடிப் போனவர்தான் என்பதால், இந்த வியாபாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்றும் இது பெரிய பிரச்சினையா?

ஆம். 2024 முடிவில் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்தார்கள் என்பது ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் மதிப்பீடு. அந்த ஓராண்டில் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது, 6.3 லட்சம் பேர் இறந்தார்கள். 3.16 கோடிப் பேர் மருந்தில் இருந்தார்கள். மற்ற ஏறத்தாழ 90 லட்சம் பேருக்கு மருந்து போய்ச் சேரவில்லை.

யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?

துணைவரிடமும், முன்பு தொற்று வாய்ப்பு இருந்த துணைவர்களிடமும் தெரிவிப்பது அவர்கள் உயிரைக் காக்கும். நேரில் சொல்லத் தயங்கினால் ஆலோசகரின் உதவியைப் பெறலாம். தெரிவிப்பதால் வன்முறைக்கு ஆளாவோம் என்று அஞ்சும் பெண்கள் அதை முதலில் ஆலோசகரிடம் சொல்லித் திட்டமிட வேண்டும். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. அலுவலகத்துக்கோ அண்டை வீட்டாருக்கோ உறவினருக்கோ சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

தொற்றுடன் பிறந்த குழந்தையிடம் எப்போது சொல்வது?

பள்ளிப் பருவத்தில், படிப்படியாக. மாத்திரை எதற்கு என்று குழந்தை கேட்கத் தொடங்கும்போது, உடம்பைக் காக்கும் அணுக்களை இது வலுவாக வைத்திருக்கிறது என்ற அளவில் உண்மையைச் சொல்லலாம். சத்து மாத்திரை என்று பொய் சொன்னால் பின்னால் அந்தப் பொய்யே பிரச்சினையாகும். 6 முதல் 12 வயதுக்குள், குழந்தையின் பக்குவத்துக்கு ஏற்ப, தொற்றின் பெயரையும் தெரிவித்துவிட வேண்டும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். பெற்றோர் இதற்குத் தயங்குவது, குழந்தை வெளியே சொல்லிவிடுமோ என்ற அச்சத்தால் மட்டுமல்ல. என்னால்தானே உனக்கு வந்தது என்ற குற்ற உணர்வாலும்தான். ஆகவே சொல்வதற்கு முன் பெற்றோர் ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசிவிட்டு வருவது நல்லது. சொன்ன அன்று குழந்தை ஒன்றும் கேட்காமல் விளையாடப் போய்விடக்கூடும். கேள்விகள் வாரங்கள் கழித்து, எதிர்பாராத வேளையில் வரும். அப்போது கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு விடை சொல்லுங்கள்.